பூட்டுப் படம் இல்லாத வைஃபை

போன ஐப்பசியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. எங்கள் ஊர் புதுக்கோட்டை பக்கம். இங்கே பார்த்துவிட்டு உடனே திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூர் போயிருந்தார், தம்பி சிங்கப்பூரில். ஆம்புலன்ஸில் அம்மாவோடு நான் மட்டும்தான். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அடுத்த நாளே அறுவை சிகிச்சை என்றார்கள். அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியை அடகு வைத்த 1,10,000 ரூபாயும் தம்பி அனுப்பிய 60,000 ரூபாயும் என் கணக்கில் இருந்தன. முன்பணமாக 80,000 கட்டி, மருந்துக்கும் கொஞ்சம் போக, 88,200 மிச்சம். அதில் 84,747 ரூபாய் ஒரே இரவில் போய்விட்டது. எப்படிப் போனது, அதற்குப் பிறகு நான் எங்கெல்லாம் அலைந்தேன் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இந்தப் பணம் போயிருக்காது என்பதுதான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது.

ஸ்கேன் எடுக்கும் இடம் மருத்துவமனையின் நிலத்தடித் தளத்தில் இருந்தது. அம்மாவை உள்ளே கொண்டுபோனதும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது, நெட் சுத்தமாக இல்லை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தான் தம்பி. அங்கே அவனுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டுவதற்காக. வைஃபை பட்டியலைத் திறந்தேன். மருத்துவமனையின் பெயரிலேயே இரண்டு இருந்தன. ஒன்றில் பூட்டுப் படம் இருந்தது, கடவுச்சொல் கேட்டது. இன்னொன்றின் பெயரோடு ‘கெஸ்ட்’ என்று சேர்ந்திருந்தது, பூட்டு இல்லை. நோயாளியோடு வருகிறவர்களுக்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்து அதைத் தொட்டேன். அந்த நேரத்தில் வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. உள்ளே அம்மா வலியில் முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது.

தொட்டதும் ஒரு பக்கம் திறந்தது. மேலே மருத்துவமனையின் முத்திரை. கீழே போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். ஓ.டி.பி. வந்தது, போட்டேன். நாள் முழுக்கப் பயன்படுத்த 5 ரூபாய், டெபிட் கார்டில் கட்டுங்கள் என்றது. ஐந்து ரூபாய்தானே என்று கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம் எல்லாம் போட்டேன். அதன்பின் ‘மருத்துவமனை ஆப்’ ஒன்றை இறக்கச் சொன்னது. ரிப்போர்ட்டும் பில்லும் அதிலேயே வரும் என்று எழுதியிருந்தது. பிளே ஸ்டோருக்குப் போகாமல் நேராக ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு, இறங்கியது. தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், ஆபத்தாக இருக்கலாம் என்று போன் எச்சரித்தது. அதைப் படித்தேன், படித்துவிட்டுத்தான் அனுமதித்தேன். எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். இதையே உங்கள் மெசேஜ் ஆப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது, சரி என்றேன். நெட் நன்றாகவே வேலை செய்தது. தம்பிக்குப் படம் போனது. அதனால் சந்தேகம் வரவில்லை. வேலை செய்யாமல் இருந்திருந்தாலாவது யோசித்திருப்பேன்.

நான் ஒரு அரிசி ஆலையில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பத்து ரூபாய் இடித்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஏன் இத்தனை படியிலும் சரி சரி என்று தட்டினேன் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். மருத்துவமனையில் அன்று காலையிலிருந்து எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன், எத்தனை கவுன்டரில் நம்பரும் ஓ.டி.பி.யும் சொன்னேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பக்கமும் அந்த வரிசையில் இன்னொரு கவுன்டர் போலத்தான் மனசுக்குப் பட்டது. மனசு ஓடாத நேரத்தில், அவசரத்தில், பயத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் போனில் புதிதாக எதையும் நிறுவுவதில்லை, கார்டு எண்ணை எதிலும் போடுவதில்லை என்று எனக்கு நானே இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழே முக்கால் மணிக்கு அறுவை சிகிச்சைக்கு முன் போட வேண்டிய ஊசி மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். பில் 6,340 ரூபாய். யுபிஐயில் அனுப்பினேன், கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்தது. நெட் தகராறாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். அதேதான். இருப்பைப் பார்த்தேன். 3,453 ரூபாய். எனக்குப் பின்னால் நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கவுன்டரில் இருந்த தம்பி, ‘அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்களேன்’ என்றார். தள்ளி நின்றேன். கால் நடுங்கியது. வங்கி ஆப்பில் பார்த்தால் விடியற்காலை 2.40-லிருந்து 3.05-க்குள் நான்கு பரிவர்த்தனை. 24,999, 24,999, 24,999, கடைசியாக 9,750. எல்லாமே கார்டு வழியாக. ஒரு எஸ்எம்எஸ்கூட என் கண்ணில் படவில்லை. அந்த ஆப்தான் என் மெசேஜ் ஆப்பாக இருந்தது. வந்த ஓ.டி.பி.யெல்லாம் அதற்குள் போய், அங்கிருந்து எவனுக்கோ போயிருக்கிறது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், கூகுளில் வங்கியின் நம்பரைத் தேடாமல் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த நம்பருக்குப் பேசியது. தேடினால் முதலில் வருவது சில நேரம் போலி நம்பராக இருக்கும் என்று ஆலையில் ஒருவர் முன்பு சொன்னது நினைவில் இருந்தது. 8.10-க்குக் கார்டை முடக்கினார்கள். பிறகு கணக்கு விவரம் வாங்கியபோது பார்த்தேன், 8.31-க்கு ஐந்தாவது முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. கார்டு முடங்கியிருந்ததால் அது நடக்கவில்லை. மிச்சமிருந்த மூவாயிரமும் அந்த இருபது நிமிஷத்தில்தான் தப்பியது.

அடுத்து 1930-க்கு அழைத்தேன். பணம் ஏமாந்தவர்களுக்கான தேசிய உதவி எண் அது. மூன்று முறை முயன்ற பிறகு லைன் கிடைத்தது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் எல்லாம் வரிசையாகக் கேட்டார்கள். இதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். நான் அழுதுகொண்டே போனில் தேடித் தேடிச் சொன்னதில் பத்து நிமிஷம் போனது. திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போவார்கள். எந்தக் கணக்கில் இன்னும் பணம் நிற்கிறதோ அதை முடக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போவதற்குத்தான் இந்த எண். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் பணம். நான் அழைத்தபோதே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பதிவு எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறோம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எஸ்எம்எஸ்ஸும் அதே போனுக்குத்தானே வரும், அதையும் அவன்தானே படிப்பான்? அம்மாவிடம் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. என் சிம்மைக் கழற்றி அதில் போட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஏதோ தோன்றியது. பிறகு சைபர் கிரைம் காவல் நிலையத்தில் இருந்த உதவி ஆய்வாளர், ‘அதுதான் அக்கா சரியான வேலை’ என்றார். இப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிம்மை எடுத்து வேறு சாதாரண போனில் போடுங்கள். அதிலிருந்தே வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். ஓ.டி.பி. வரும் வழி அடைபட்டால் பாதித் திருட்டு நின்றுவிடும். கெட்டுப்போன போனில் இருப்பதையெல்லாம் அழித்து உடனே ரீசெட் செய்துவிடாதீர்கள். அந்த ஆப்பின் பெயர், அனுமதிகள், இறக்கிய கோப்பு எல்லாம் போலீசுக்குத் தேவைப்படுகிறது. வேறு போனில் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய ஊசிக்குப் பக்கத்து அறையில் இருந்த மணப்பாறை அம்மா ஒருவர் ஏழாயிரம் கொடுத்தார். பெயரையும் ஊரையும் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்த நான்கு மணி நேரமும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து சைபர் கிரைம் இணையதளத்துக்கான புகாரைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே கிடக்கிறார், நான் பணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது வந்த அருவருப்பை மறக்க முடியவில்லை.

காவல் நிலையத்தில் அந்த உதவி ஆய்வாளர் விளக்கியதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வைஃபையின் பெயர் எதற்கும் சான்று இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். உங்கள் போனிலேயே ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பக்கத்துக் கடையின் பெயரை வைத்துப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. நெட்டே இல்லாத நிலத்தடியில் அவனுக்கு மட்டும் நெட் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். மருத்துவமனையின் உண்மையான வைஃபையிலிருந்தே வாங்கி மறுபக்கம் கொடுத்திருக்கலாம், கடவுச்சொல் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும்தானே என்றார். சிக்னல் சரியாகக் கிடைக்காத இடமாகப் பார்த்துத்தான் இதை வைப்பார்களாம். அங்கேதான் ஆட்கள் வேறு வழியில்லாமல் தொடுவார்கள்.

என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். எல்லாரும் என்னிடம், பொது வைஃபையில் பேங்க் ஆப்பைத் திறந்திருப்பாய், காற்றிலேயே பாஸ்வேர்டைப் பிடித்திருப்பார்கள் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அவன், ‘அது இல்ல பெரியம்மா’ என்றான். வங்கி ஆப்புகளும் பெரும்பாலான இணையதளங்களும் அனுப்புவதைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, நடுவில் இருப்பவன் அதைச் சுலபமாகப் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியலாம், உள்ளே என்ன போடுகிறோம் என்பது தெரியாது. ஆனால் வைஃபையைக் கையில் வைத்திருப்பவன் முதல் பக்கமாக எதைக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறான். அந்த உள்நுழைவுப் பக்கத்தில் நம் கையாலேயே போட வைப்பதுதான் திருட்டு. என் விஷயத்தில் எதையும் அவன் பறிக்கவில்லை. கார்டு எண், ஓ.டி.பி., எஸ்எம்எஸ் அனுமதி மூன்றையும் நானே கொடுத்தேன். இந்த வித்தியாசம் தெரியாததால்தான், பேங்க் ஆப்பைத் திறக்காவிட்டால் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அன்று பேங்க் ஆப்பைத் திறக்கவே இல்லை.

ஆகவே ஒரு வைஃபை உள்நுழைவுப் பக்கம் உங்களிடம் போன் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்பது வழக்கம்தான், ரயில் நிலையங்களிலும் அப்படித்தான். அதற்கு மேல் ஒரு படி போனாலும் வெளியே வந்துவிடுங்கள். கார்டு எண் கேட்டால், கூகுள் பாஸ்வேர்டு கேட்டால், ஆப் இறக்கச் சொன்னால் அது வைஃபை கொடுப்பவன் வேலை இல்லை. பக்கத்தின் இணைய முகவரியில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல பக்கம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். போலிப் பக்கத்துக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும். வரவேற்பில் இருப்பவரிடம் உங்கள் வைஃபை பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது. நான் கேட்டிருந்தால் அவர்களிடம் ‘கெஸ்ட்’ என்று ஒன்றே கிடையாது என்பது அப்போதே தெரிந்திருக்கும். ரிப்போர்ட் படத்தை அனுப்ப மேலே ஏறி வந்திருந்தாலும் போதும். பிறகு எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு படிதான்.

தங்கை மகன் என் போனில் சேமித்திருந்த வைஃபை பட்டியலைத் திறந்து காட்டினான். முப்பத்தொன்று பெயர்கள். கல்யாண மண்டபம், லாட்ஜ், தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை என்று என்றைக்கோ ஒருநாள் சேர்ந்தவை. பூட்டில்லாத வைஃபையாகச் சேமித்திருந்தால், அதே பெயரில் எவன் ஒன்றை வைத்தாலும் போன் நம்மைக் கேட்காமல் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். வீடு, ஆலை இரண்டைத் தவிர எல்லாவற்றையும் அழித்தோம். தானாக இணையும் அமைப்பையும் அணைத்தோம். வெளியே கிளம்பும்போது வைஃபையை அணைத்துவிடுகிறேன். இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

புளூடூத் எனக்குப் பெரிய கவலையாக இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆலையில் எடைச்சீட்டு பிரின்டரோடு இணைப்பதற்காக நாள் முழுக்க அது திறந்தே இருந்தது. 2017-ல் புளூபோர்ன் என்று ஒரு ஓட்டை வெளியானதாம். புளூடூத் திறந்திருந்தால் போதும், நாம் எதையும் ஏற்காமலேயே உள்ளே வர முடியும் என்று காட்டினார்கள். அதே வருஷம் பூட்டுள்ள வைஃபையிலும் கிராக் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டுக்கும் அப்டேட் வந்து அடைத்துவிட்டார்கள், அப்டேட் செய்த போன்களில் மட்டும். என் போனின் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பார்த்தோம்: 2021. அதற்குப் பிறகு அந்த மாடலுக்கு எதுவும் வரவே இல்லை. இப்போது வேறு போன் வாங்கியிருக்கிறேன், வாங்கும்போது எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்கினேன். ஆண்ட்ராய்டு 12-லிருந்து பல போன்களில் 2ஜியை அணைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. 2ஜியில் எதிரில் இருப்பது உண்மையான டவர்தானா என்று போன் சோதிப்பதில்லை, அதனால் போலி டவர் வைத்து எஸ்எம்எஸ் அனுப்ப முடியும். நகரத்தில் இருப்பவர்கள் அணைத்துவிடலாம். எங்கள் ஊரில் சில இடங்களில் 2ஜி மட்டும்தான் கிடைக்கிறது, அதனால் நான் அணைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது கார்டின் வரம்பு. ஆன்லைன், வெளிநாடு, கார்டை மெஷினில் தொட்டுக் கட்டுவது என்று ஒவ்வொன்றையும் நாமே திறக்கவும் மூடவும், தொகை வைக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே சொல்லியிருக்கிறது. மகன் கல்லூரிக் கட்டணத்துக்காக ஆன்லைனைத் திறந்து ஒரு லட்சம் வரம்பு வைத்தேன், பிறகு மூடவே இல்லை. இன்று ஆன்லைன் மூடியிருக்கிறது; தேவைப்படும்போது திறந்து, கட்டி, மூடிவிடுகிறேன். கார்டில் அலை போன்ற குறி இருந்தால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் தொட்டே கட்டலாம், அதையும் மூடி வைத்திருக்கிறேன். பெரிய தொகை வருகிற கணக்கில் கார்டே இல்லாமல், செலவுக்கு மட்டும் இன்னொரு சின்னக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

வங்கியில் மூன்று முறை ஏறி இறங்கினேன். ஓ.டி.பி. போட்டு நடந்த பரிவர்த்தனை, பொறுப்பு உங்களுடையது என்று கடிதம் கொடுத்தார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன். வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த ஊடுருவல் என்றால் 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே விவரத்தைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் எப்போது சொன்னோம் என்பதற்கு எழுத்தில் சான்று வைத்திருங்கள். போனில் பேசிய நேரம், புகார் எண், கையோடு ஒரு மின்னஞ்சல். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-ல் வழி சொல்வார்கள்.

மூன்றாவதாகப் போன 24,999 மட்டும் ஒரு வாலெட்டில் நின்றுவிட்டது, 1930 புகாரால் அதை முடக்கியிருந்தார்கள். அது என் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். மனு, அடையாளச் சான்று, நான்கு முறை திருச்சிக்குப் பயணம், ஆறு நாள் சம்பளம் போனது. நான்கு மாதம் கழித்துக் கணக்கில் வந்தது. மீதி 59,748 ரூபாய் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. மணப்பாறை அம்மாவுக்கு முதலில் திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்தை நகைக்கடனின் வட்டிக்குக் கட்டினேன்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். ஆவணியில் பேத்திக்குக் காது குத்து, சங்கிலியை மீட்டுவிடு என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு போகப் பணம் மிஞ்சியிருக்க வேண்டுமே என்று அவரும் கணக்குப் போடுகிறார். பணம் போன கதையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நேற்றும் கேட்டார். அடுத்த மாசம் பார்க்கலாம்மா என்று சொன்னேன்.